நித்திரையில் ஓடும் எலி: எச்.சி-11 தரவும் பைனாப்பிள் மென்பொருளும், பாவித்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு

இங்கே மதிப்பிடப்படுவது இரண்டு பொருள்கள். இரண்டுக்கும் காசில்லை.

ஒன்று, எச்.சி-11 என்ற தரவுத்தொகுதி. எலி நித்திரை கொள்கிறது, பிறகு முன்பின் பார்த்திராத ஒரு தடத்தில் ஓடுகிறது, ஓடி முடித்து மறுபடி நித்திரை கொள்கிறது. இந்த மூன்று கட்டத்திலும் அதன் ஹிப்போகாம்பஸில் (இடத்தையும் நினைவையும் கையாளும் மூளைப் பகுதி) பிடிபட்ட நரம்புக் கலங்கள் எந்தெந்தக் கணத்தில் கணத்தாக்கம் (ஸ்பைக் என்னும் மின்துடிப்பு) எழுப்பின என்ற பதிவு அதில் இருக்கிறது. நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் ஆன்ட்ரெஸ் குரோஸ்மார்க்கும் ஜோர்ஜி புஸாக்கியும் 2016இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வின் தரவு இது. மற்றது பைனாப்பிள். பெயரை அன்னாசிப்பழம் போலவே உச்சரியுங்கள். மக்கில் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் பெய்ராஷின் ஆய்வுகூடத்தில் வளர்ந்த பைதன் மென்பொருள், 2023இல் 'ஈலைஃப்' சஞ்சிகையில் அறிமுகமானது. ஸ்பைக் நேரங்களையும் எலி நின்ற இடத்தையும் ஒரே கடிகாரத்தில் வைத்துக் கணக்குப் பார்க்க உதவுவது அதன் வேலை.

திருகோணமலையில் இருந்துகொண்டு மூளையைப் படிக்க ஆசைப்படுகிறவருக்கு எலிக்கூடும் சிலிக்கன் மின்வாயும் கைக்கு எட்டாத சாமான்கள். கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைக்கும், உயர்தரத்தில் உயிரியல் எடுத்துவிட்டு நிரலாக்கம் பழகுகிற பிள்ளைக்கும், உலகத்தின் பெரிய ஆய்வுகூடங்கள் கையாளும் அதே தரவைத் தொட்டுப் பார்க்க இதைவிட நல்ல வாசல் எங்களுக்குத் தெரியவில்லை. எங்கள் தீர்ப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்: தரவு முதல்தரம், மென்பொருள் கைக்கு இதமானது. ஆனால் இரண்டும் சேர்ந்து திரையில் காட்டும் நித்திரைப் படத்தை அப்படியே நம்பினால் பிழைத்துப்போகும். கீழே அதிகம் இடம் எடுத்துக்கொண்டது அந்தப் பிழைகள்தான்.

என்னத்தைத் தேடுகிறோம்

பிரட்ரிக் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையை மனதில் கொண்டுவாருங்கள். கோட்டை வாசல், புள்ளிமான்கள் படுத்திருக்கும் மரநிழல், அர்ச்சனைத் தட்டுக் கடைகள், பிறகு கடலைப் பார்த்த கோயில். வாசலில் ஒரு கலம் படபடவென்று சுடுகிறது, மானடியில் வேறொன்று, கடையடியில் இன்னொன்று. ஒவ்வொரு கலத்துக்கும் ஒரு சொந்த இடம். இவைதான் இடக் கலங்கள். ஜோன் ஓ'கீஃப், ஜொனதன் டொஸ்ட்ரொவ்ஸ்கி இருவரும் 1971இல் எலியில் கண்டு சொன்னவை. ஓ'கீஃபுக்கு 2014இல் நோபல் பரிசும் இதற்காகத்தான். கோயில் பாதை விளங்கிக்கொள்வதற்கான உதாரணம் மட்டுமே. இந்தத் தரவில் இருப்பது எலி, அது ஓடியது தடம்.

நித்திரையில் அந்தக் கலங்கள் அதே ஒழுங்கில் மறுபடி சுடுகின்றன. விழித்திருக்கும்போது ஒன்றாகச் சுட்ட கலங்கள் பிறகு நித்திரையிலும் ஒன்றாகச் சுடுகின்றன என்று மத்தியூ வில்சனும் புரூஸ் மக்நோட்டனும் 1994இல் காட்டினார்கள். ஆல்பர்ட் லீயும் வில்சனும் 2002இல் ஒழுங்கும் அப்படியே வருகிறது என்று காட்டினார்கள். ஆனால் வேகம் வேறு. சில செக்கன்களில் ஓடிய தடம் நித்திரையில் ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது; ஏறத்தாழ இருபது மடங்கு சுருக்கம். இந்த மீளோட்டம் பெரும்பாலும் நொன்-ரெம் நித்திரையில் (கண்கள் வேகமாக அசையும் ரெம் அல்லாத நித்திரை), ரிப்பிள் என்னும் குறுகிய மின் அலை எழும் நேரத்தில் நடக்கிறது. அந்தப் பத்தில் ஒரு பங்குக்குள் எலியின் மூளை தடத்தின் எந்த முனையில் தொடங்கி எந்த முனைக்குப் போனது என்று கணிப்பதுதான் டிகோட் செய்தல்.

தரவு எப்படி

நான்கு எலிகள், எட்டு அமர்வுகள். எலிகளின் பெயர்கள் அக்கிலீஸ், படி, சிசரோ, கட்ஸ்பி. மூளையின் இரண்டு பக்கத்திலும் சிலிக்கன் மின்வாய், இலக்கு ஹிப்போகாம்பஸின் சி.ஏ.1 பகுதி. ஒவ்வோர் அமர்விலும் முன்நித்திரை ஏறக்குறைய நான்கு மணித்தியாலம், தடம் முக்கால் மணித்தியாலம் அளவில், பின்நித்திரை மறுபடி நான்கு மணித்தியாலம். தடங்கள் மூன்று வகை: 1.6 மீற்றர் நீள மரத்தடம், 1 மீற்றர் விட்டமுள்ள வட்டத்தடம், 2 மீற்றர் உலோகத்தடம். முனைகளில் தண்ணீர்தான் வெகுமதி.

இந்தத் தொகுதியின் பெறுமதி முன்நித்திரையில் இருக்கிறது. அந்த நேரத்தில் எலி தடத்தைக் கண்டதே இல்லை. ஆகவே பின்நித்திரையில் நீங்கள் 'கண்டுபிடித்த' எதையும் முன்நித்திரையிலும் தேடிப் பார்க்கலாம். அங்கேயும் அதே அளவு கிடைத்தால், நீங்கள் கண்டது நினைவு அல்ல. உங்கள் கணக்கின் கோளாறாக இருக்கலாம், அல்லது மூளையில் முன்பே இருந்த ஒழுங்காக இருக்கலாம். இந்த ஒப்பீட்டுக்கு வழிவைக்காத தரவில் நித்திரை டிகோட் பழகுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

எடுக்கும் வழி இரண்டு. நரம்பியல் தரவைப் பகிரும் சி.ஆர்.சி.என்.எஸ். தளத்தில் கணக்குத் திறந்து இறக்கலாம். அதேபோன்ற டாண்டி களஞ்சியத்தில் 000044 என்ற இலக்கத்தில் என்.டபிள்யூ.பி. வடிவில் (நரம்பியல் தரவுக்கான பொது ஃபைல் வடிவம்) எடுக்கலாம். தொடங்குகிறவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு பைனாப்பிளின் பயிற்சிப் பக்கத்துக்குப் போங்கள். அக்கிலீஸின் 2013 ஒக்டோபர் 25 அமர்வு ஒரே ஃபைலாக அங்கே தயாராக இருக்கிறது. ஸ்பைக் நேரங்கள், இடம், ரெம், நொன்-ரெம் நேர எல்லைகள், ஒரு திசை ஓட்டங்கள், தீட்டா அலையின் (ஓடும்போது ஹிப்போகாம்பஸில் எழும் மெதுவான மின் அலை) கட்டம் எல்லாம் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. முதல் இரண்டு கிழமைக்கு இது போதும்.

முழு மூலப்பதிவையும் இறக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கணக்குப் பாருங்கள். 128 பதிவு வழிகள், செக்கனுக்கு 20,000 மாதிரி, மாதிரிக்கு 2 பைட் என்றால் செக்கனுக்கு 5.12 மெகாபைட், மணித்தியாலத்துக்கு 18 கிகாபைட்டுக்கு மேல். ஒன்பது மணித்தியால அமர்வு 165 கிகாபைட்டைத் தாண்டும். வீட்டு இணைப்பின் மாதாந்த டேட்டா ஒரே அமர்வோடு முடிந்துவிடும். இந்த வேலைக்கு அது தேவையும் இல்லை. கலங்களைப் பிரித்தெடுக்கும் வேலையைத் தரவைத் தந்தவர்களே செய்து முடித்திருக்கிறார்கள். ரிப்பிளை அலையில் பார்க்க விரும்பினால் 1,250 மாதிரிக்குக் குறைத்த பதிவை எடுங்கள். அதுவும் 128 வழிக்கு மணித்தியாலம் 1.15 கிகாபைட் வரும். இரவுநேர டேட்டா உள்ளவர்கள் அந்த நேரத்தில் இறக்குங்கள். இடையில் அறுந்தால் விட்ட இடத்தில் தொடரும் இறக்கியைப் பாவியுங்கள்.

மென்பொருள் எப்படி

பைனாப்பிளின் நல்ல குணம், நேரத்தை அது ஒருபோதும் மறக்காது என்பது. ஸ்பைக்குகள் ஒரு பட்டியல், இடம் இன்னொன்று, நொன்-ரெம் எல்லைகள் வேறொன்று. 'இந்தக் கலங்களை இந்த எல்லைக்குள் மட்டும் தா' என்று ஒரு வரியில் கேட்டால் வெட்டித் தருகிறது. வெறும் அணிகளை வைத்துக் கையால் வெட்டும்போது முன்நித்திரையின் ஸ்பைக்குகள் தடத்தின் கணக்குக்குள் கலந்துவிடுவது தொடக்ககாரர்களிடம் அடிக்கடி காணும் பிழை. இங்கே அது அநேகமாக நடக்காது. என்.டபிள்யூ.பி. ஃபைலைத் திறந்தவுடன் எல்லாவற்றையும் நினைவகத்துக்கு இழுக்காமல் கேட்டதை மட்டும் எடுப்பதால் 8 கிகாபைட் நினைவகமுள்ள மடிக்கணினி தாங்கும்.

குறைகளும் உண்டு. பதிப்புக்குப் பதிப்பு சில செயற்கூறுகளின் பெயர் மாறியிருக்கிறது; பழைய பயிற்சிக் குறிப்பைப் பார்த்து எழுதிய நிரல் புதிய பதிப்பில் நின்றுவிடும். தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி, பதிப்பு இலக்கத்தை எழுதிவைத்து, அந்த வேலை முடியும்வரை மாற்றாமல் இருங்கள். அடுத்தது நேர அலகு. இயல்பான அலகு செக்கன். 20 மில்லிசெக்கன் என்று நினைத்துக்கொண்டு வெறுமனே 20 என்று கொடுத்தால் அது 20 செக்கன் பெட்டியாக (கணக்குக்கு வெட்டும் நேரத்துண்டு) எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது. வழுவழுப்பான அழகான வரைபடம் வரும், அதில் ஓர் உண்மையும் இருக்காது.

விழித்திருக்கும் எலியில் தொடங்குங்கள்

நித்திரைக்குப் போகமுன் ஓட்டத்தில் டிகோட் சரியாக வருகிறதா என்று பார்ப்பது கட்டாயம். எலி உண்மையில் எங்கே நின்றது என்று தெரிந்த நேரத்திலேயே தடுமாறும் கணக்கு, விடை தெரியாத நித்திரையில் என்ன செய்யும்?

எலி ஓடும் நேரத்தை மட்டும் எடுங்கள். செக்கனுக்கு 5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த வேகத்தை விலக்குங்கள். முனையில் நின்று தண்ணீர் குடிக்கும்போதும் ரிப்பிள் எழும். அந்த ஸ்பைக்குகள் உள்ளே வந்தால், நடுத்தடத்துக்குச் சொந்தமான கலத்துக்கு முனையிலும் ஒரு பொய்யான மேடு முளைக்கும். தடத்தை 2 சென்ரிமீற்றர் பெட்டிகளாகப் பிரியுங்கள், 1.6 மீற்றர் தடத்துக்கு 80 பெட்டி. இடம் மீற்றரில் இருக்கிறதா சென்ரிமீற்றரில் இருக்கிறதா என்று முதலில் உறுதிப்படுத்துங்கள். இரண்டு திசையையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள், ஏனென்றால் போகும்போது சுடும் கலம் வரும்போது சும்மா இருப்பது இந்த வகைத் தடத்தில் சாதாரணம். ஒவ்வொரு பெட்டியிலும் ஸ்பைக் எண்ணிக்கையை எலி நின்ற நேரத்தால் வகுத்து, 4 சென்ரிமீற்றர் அளவு கோசியன் வழுவழுப்பு (மணி வடிவ எடையால் பக்கத்துப் பெட்டிகளோடு சராசரியாக்குவது) கொடுத்தால் அந்தக் கலத்தின் இடப்புலம் கிடைக்கும். உச்சத்தில் 1 ஹேர்ட்ஸுக்கும் குறைவாகச் சுடும் கலங்களையும், இரவு பகலாக வேகமாகச் சுடும் இடைநரம்புக் கலங்களையும் விலக்குங்கள்.

டிகோட் செய்வது பேயிஸ் தேற்றத்தால்: சுட்ட ஸ்பைக்குகளைப் பார்த்து, எலி ஒவ்வோர் இடத்திலும் இருந்திருக்கும் நிகழ்தகவைக் கணிப்பது. கெச்சென் ஜாங்கும் கூட்டாளிகளும் 1998இல் எழுதிய வடிவத்தைத்தான் இன்றும் எல்லோரும் பாவிக்கிறார்கள். ஒற்றைச் சுற்றுகளில் இடப்புலத்தைக் கட்டி இரட்டைச் சுற்றுகளில் சோதியுங்கள். 250 மில்லிசெக்கன் பெட்டியில் கணித்த இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தின் இடையம் 10 சென்ரிமீற்றருக்குள் வரவேண்டும் என்பது எங்கள் அளவுகோல். வராவிட்டால் அலகு, திசை, வேக எல்லை மூன்றையும் திரும்பப் பாருங்கள். கட்டிய சுற்றிலேயே சோதித்து 'பிழை மிகக் குறைவு' என்று மகிழ்வது வினாத்தாளைப் பார்த்துவிட்டுச் சோதனை எழுதுவது போல.

நித்திரையில் எது பிழைக்கும்

நித்திரை முழுவதையும் ஒரே மூச்சில் டிகோட் செய்யவேண்டாம். நான்கு மணித்தியாலத்தை 20 மில்லிசெக்கனாக வெட்டினால் 7,20,000 பெட்டி. 80 இடம், 8 பைட் என்றால் ஒரு தடவைக்கே 460 மெகாபைட். பின்னால் சொல்வதுபோல நூற்றுக்கணக்கான தடவை கலைத்துப் போட்டுப் பார்க்கும்போது மடிக்கணினி திணறிவிடும். கலங்கள் திரண்டு சுடும் நிகழ்வுகளை முதலில் பொறுக்குங்கள். எல்லாக் கலங்களின் ஸ்பைக்குகளையும் 1 மில்லிசெக்கன் பெட்டியில் எண்ணி, 15 மில்லிசெக்கன் கோசியனால் வழுவழுப்பாக்கி, சராசரிக்கு மேல் 3 நியம விலகலைத் தாண்டும் உச்சங்களை எடுங்கள். சராசரிக்குத் திரும்பும் இடங்கள்தான் நிகழ்வின் தொடக்கமும் முடிவும். 80 முதல் 500 மில்லிசெக்கன் வரை நீளமும், குறைந்தது 5 வெவ்வேறு கலங்களும் இருக்கவேண்டும். நொன்-ரெம் எல்லைக்குள் வருவனவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஒரு பெட்டியைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். இரண்டே கலம், இரண்டே இடம். முதல் கலம் 40 சென்ரிமீற்றரில் செக்கனுக்கு 20 தடவை, 120இல் 2 தடவை சுடும். இரண்டாவது கலம் 40இல் 1 தடவை, 120இல் 15 தடவை. ஒரு 20 மில்லிசெக்கன் பெட்டியில் முதல் கலம் ஒரு தடவை சுட்டது, இரண்டாவது சுடவில்லை. 40க்கான எடை: 20ஐ, மைனஸ் 0.42 இன் அடுக்குக்குறியால் பெருக்க 13.1 (0.42 என்பது அங்கே இரண்டு கலத்தின் வீதங்களின் கூட்டு 21ஐ 0.02 செக்கனால் பெருக்கியது). 120க்கான எடை: 2ஐ, மைனஸ் 0.34 இன் அடுக்குக்குறியால் பெருக்க 1.42. ஒப்பிட்டால் 40இல் 90 சதவீதம். நல்ல விடை.

இப்போது இரண்டு கலமும் சுடாத பெட்டி. 40க்கு 0.657, 120க்கு 0.712. அதாவது 48க்கு 52. ஒரு ஸ்பைக்கும் இல்லை, ஆனாலும் கணக்கு 120 பக்கம் சாய்கிறது! காரணம், அங்கே மொத்தச் சுடுவீதம் குறைவு. மௌனத்தை அது 'அமைதியான இடம்' என்று வாசிக்கிறது. இரண்டு கலத்தில் இது சின்னச் சாய்வு. பல பத்துக் கலம் சேர்ந்து மொத்தம் 40இல் 200, 120இல் 120 என்று வந்தால் வெற்றுப் பெட்டி 120ஐ 83 சதவீத உறுதியோடு சொல்லும். நித்திரைப் பதிவில் வெற்றுப் பெட்டிகள் ஏராளம். அவற்றை நீக்காமல் வரைந்தால் எலி நித்திரை முழுவதும் ஒரே மூலையை நினைத்துக்கொண்டிருந்தது போல ஒரு கோடு விழும். முதல்முறை செய்கிற அநேகமானோர் அதைக் கண்டுபிடிப்பு என்று நினைக்கிறார்கள். ஸ்பைக் இல்லாத பெட்டிகளை வெறுமையாக விடுங்கள். நிகழ்வின் கால்வாசிக்கு மேல் வெற்றாக இருந்தால் அந்த நிகழ்வையே விடுங்கள்.

முன்நிகழ்தகவு, அதாவது ஸ்பைக்கைப் பார்க்கமுன் ஒவ்வோர் இடத்துக்கும் கொடுக்கும் நிகழ்தகவு, அடுத்த பொறி. எலி முனைகளில் நீண்ட நேரம் நின்றிருப்பதால், நின்ற நேரத்தை முன்நிகழ்தகவாகக் கொடுத்தால் நித்திரையிலும் விடை முனைகளுக்கே இழுபடும். நித்திரைக்கு எல்லா இடத்துக்கும் சமமான முன்நிகழ்தகவைக் கொடுங்கள். இதை மென்பொருளின் இயல்புக்கு விடாமல் நீங்களே எழுதிக் கொடுப்பது நல்லது.

சொந்தமாக நிரல் எழுதுகிறவர்களுக்கு இன்னும் இரண்டு. வீதம் சுழியமாக உள்ள பெட்டியில் அந்தக் கலம் ஒரு தடவை சுட்டாலும் முழுப் பெருக்கமும் சுழியமாகிவிடும். மற்ற ஐம்பது கலமும் அந்த இடத்தையே சொன்னாலும் பயனில்லை. 0.01 ஹேர்ட்ஸ் போல ஒரு சின்ன அடித்தளம் போடுங்கள். பெருக்காமல் மடக்கையில் கூட்டுங்கள், இல்லாவிட்டால் கலம் கூடும்போது எண் கணினியின் எல்லைக்குக் கீழே போய் விடை காணாமல் போய்விடும்.

வட்டத்தடத்தில் இன்னொரு சிக்கல். 314 சென்ரிமீற்றருக்கு அடுத்தது 0. நேர்கோடு பொருத்தும் நிரலுக்கு அது தெரியாவிட்டால், சுற்றி வரும் அழகான மீளோட்டத்தை இரண்டு துண்டாக வெட்டிப் 'பொருத்தமில்லை' என்று தள்ளிவிடும். தொடங்க நேர்த்தடமே நல்லது.

கலைத்துப் போடாமல் எதையும் நம்பாதீர்கள்

டிகோட் கணக்குக்கு 'தெரியாது' என்று சொல்லத் தெரியாது. எந்தச் சத்தத்தைக் கொடுத்தாலும் ஏதோ ஓர் இடத்தைச் சொல்லும். ஆறு பெட்டி கொண்ட ஒரு நிகழ்வில் அந்த இடங்கள் தற்செயலாக ஒரு சாய்ந்த கோட்டில் விழுவது அரிதான காரியம் அல்ல. ஆயிரக்கணக்கான நிகழ்வுகளில் தேடினால் கண்ணைக் கவரும் பத்துப் படம் எப்போதும் கிடைக்கும்.

ஆகவே ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு புள்ளி கொடுங்கள்: நேரத்துக்கும் டிகோட் செய்த இடத்துக்கும் இடையிலான, நிகழ்தகவால் எடையிட்ட இணைபு. பிறகு அதே நிகழ்வை 500 தடவை கலைத்துப் போட்டு அதே புள்ளியைக் கணியுங்கள். கலைப்பது இரண்டு விதத்தில். ஒன்றில் எந்த இடப்புலம் எந்தக் கலத்துக்கு என்பதை மாற்றிக் கொடுப்பது. மற்றதில் ஒவ்வொரு நேரப் பெட்டியின் நிகழ்தகவுப் பட்டியலையும் (எந்த இடத்துக்கு எவ்வளவு என்பது) தடத்தின் வழியே வெவ்வேறு தூரம் சுழற்றி விடுவது. ஒன்றில் மட்டும் தேறும் நிகழ்வுகளை நாங்கள் எண்ணுவதில்லை. ஒரு முறை தனியே போனால் எளிதாக 'வெற்றி' தந்துவிடலாம். உதாரணமாக, பட்டியல் சுழற்றும் முறை பக்கத்துப் பெட்டிகளின் தொடர்ச்சியையும் தடத்தின் முனைச் சாய்வையும் அழித்துவிடும். 500இல் 475ஐ இரண்டிலும் வென்ற நிகழ்வுகளின் வீதத்தை முன்நித்திரைக்கும் பின்நித்திரைக்கும் தனித்தனியாக எடுத்து வையுங்கள். உங்கள் முடிவு அந்த இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம். ஒரு தனிப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது முடிவு ஆகாது. கலைப்பின் எழுமாற்று விதை இலக்கத்தையும் எழுதிவையுங்கள், நாளைக்கு இன்னொருவர் ஓட்டினால் அதே எண் வரவேண்டும்.

2024க்குப் பிறகு இந்தத் தரவு போதுமா

மேலே சொன்ன முறை முழுவதும் ஓர் ஊகத்தின் மேல் நிற்கிறது: ஓடும்போது 40 சென்ரிமீற்றருக்குச் சுட்ட கலம் நித்திரையிலும் 40ஐத்தான் குறிக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கம்ரான் டிபா, ரைஸ் பல்கலைக்கழகத்தின் காலெப் கெமெரே குழுவினர், கூரோஷ் மபூதி முதல் ஆசிரியராக, 2024இல் 'நேச்சர்' சஞ்சிகையில் அந்த ஊகத்தையே சோதித்தார்கள். வழி எளியது, அழகானது. ஒரு கலத்தை விலக்கிவிடுங்கள். மற்ற எல்லாக் கலங்களாலும் ஒவ்வொரு 20 மில்லிசெக்கன் பெட்டியையும் டிகோட் செய்யுங்கள். விலக்கிய கலம் எந்தப் பெட்டிகளில் சுட்டதோ அந்தப் பெட்டிகளின் நிகழ்தகவுகளைச் சராசரியாக்குங்கள். நித்திரையில் அந்தக் கலத்தின் இடம் எது என்பதற்கு விடை கிடைக்கும். அதன் பழைய இடப்புலத்தைக் கேட்காமலே கிடைக்கும்.

அவர்கள் கண்டது: ஓட்டத்துக்குப் பிந்திய நித்திரையில் பெரும்பாலும் கலங்கள் தம் இடத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தன. ஆனால் சில கலங்கள் நித்திரையில் வேறோர் இடத்துக்கு நகர்ந்தன. எலியை அதே தடத்துக்கு மறுபடி கொண்டுபோனபோது, நித்திரையில் காட்டிய அந்தப் புதிய இடத்தை ஒத்தே அவை சுட்டன. நித்திரை பழைய பாடத்தைத் திருப்பிச் சொல்வதோடு நிற்காமல் நாளைக்கான வரைபடத்தைத் திருத்தியும் வைக்கிறது. இந்தத் துறையில் அண்மையில் வந்தவற்றுள் எங்களை அதிகம் உலுக்கிய முடிவு இது.

எச்.சி-11இல் இந்த வழியின் பாதியை நீங்களே செய்து பார்க்கலாம். கலத்தை விலக்கி, நித்திரை இடத்தைக் கணித்து, ஓட்டத்தின் இடப்புலத்தோடு ஒப்பிடலாம். முன்நித்திரையில் பொருத்தம் குறைவாகவும் பின்நித்திரையில் கூடியும் வருகிறதா என்று பார்க்கலாம். மற்றப் பாதி முடியாது, ஏனென்றால் பின்நித்திரைக்குப் பிறகு எலி தடத்துக்குத் திரும்பும் கட்டம் இந்தத் தொகுதியில் இல்லை. இது இதன் மிகப் பெரிய குறை. பழகுகிறவருக்கு அது தடையில்லை. புதிய கேள்வி கேட்கிறவருக்குத் தடை. விலக்கும் கலத்தோடு அதே மின்வாய்க் கிளையில் பதிவான கலங்களையும் சேர்த்து விலக்குங்கள். கலம் பிரிக்கும்போது ஒரு கலத்தின் ஸ்பைக்குகள் பக்கத்துக் கலத்தின் கணக்கில் கசிந்திருந்தால், கலம் தன்னையே பார்த்துத் தன் இடத்தைச் சொல்வது போலாகிவிடும்.

கைக்கடிகாரம் இதைச் செய்யுமா

கடைகளில் விற்கும் நித்திரைக் கடிகாரங்களையும் நெற்றிப்பட்டிகளையும் பற்றி மாணவர்கள் கேட்பதால் ஒரு வரி. மணிக்கட்டில் இருப்பது அசைவையும் நாடித்துடிப்பையும் பார்க்கிறது. நெற்றிப்பட்டி மண்டையோட்டுக்கு வெளியே இலட்சக்கணக்கான கலங்களின் கலந்த முணுமுணுப்பைக் கேட்கிறது. தனிக் கலத்தின் கணத்தாக்கம் இரண்டுக்கும் கேட்காது. நினைவை வாசிப்பதாக எந்தப் பெட்டியில் எழுதியிருந்தாலும் அதற்காகக் காசு கொடுக்கவேண்டாம்.

இங்கே ஓட்டுவதற்கு

கச்சான் வீசும் மாதங்களில் பகலில் 500 தடவைக் கலைப்பை ஓட்டினால் மடிக்கணினி சூட்டில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரவில் ஓட்டுங்கள், அடியில் இரண்டு கட்டை வைத்துக் காற்றுப் போக விடுங்கள். கரண்ட் போனாலும் வேலை போகாமல் இருக்க 50 நிகழ்வுக்கு ஒரு தடவை விடையை ஃபைலில் எழுதிக்கொள்ளும்படி நிரலை அமையுங்கள். பழைய பற்றரி உள்ள கணினியில் இது இல்லாமல் ஒரு முழு இரவு வீணாவது நிச்சயம். முதல் கிழமை இடப்புலம், இரண்டாவது கிழமை ஓட்டத்து டிகோட், மூன்றாவதில்தான் நித்திரை என்று வையுங்கள். பைதன் அடிப்படை தெரிந்தவருக்கு ஒரு மாதத்தில் முன்நித்திரை, பின்நித்திரை இரண்டு எண்களும் கையில் வந்துவிடும்.

அக்கிலீஸில் நன்றாக வந்துவிட்டது என்று நிறுத்தாதீர்கள். எட்டு அமர்வு என்றாலும் எலி நான்குதான். ஆயிரம் நிகழ்வு, பல பத்துக் கலம் என்று எண்ணிக்கையைப் பெரிதாகக் காட்டிச் செய்யும் புள்ளிவிபரம் அந்த நாலை மறைத்துவிடும். எட்டையும் ஒரே நிரலால், ஓர் எல்லையையும் இடையில் மாற்றாமல் ஓட்டி, எலிக்கு ஒரு நிறம் கொடுத்து முன்நித்திரைப் புள்ளியையும் பின்நித்திரைப் புள்ளியையும் ஒரு கோட்டால் இணையுங்கள். ஒரு கோடு எதிர்ப்பக்கம் சாய்ந்தாலும் அதை அழிக்காமல் அந்த எலியின் ஓட்டத்து டிகோட் பிழையைத் திரும்பப் போய்ப் பாருங்கள். அநேகமாகச் சிக்கல் அங்கேதான் இருக்கும்.